பாஸ்போர்ட்டில் இருந்த ஊர்

ஜெயக்கொடியின் புருஷன் முத்திருளன் செத்தது காலை பத்து மணி வாக்கில். மதியம் தாண்டியும் ஊரிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இருவரும். அங்கே அவர்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். எழுபத்தைந்தில் கப்பலேற்றி அனுப்பியபோது முத்திருளன் சந்தோஷப்பட்டான். அலங்காநல்லூருக்குப் பக்கம் அவன் பாட்டனின் ஊர். தேடி வந்து, வாய்க்கால் கரையில் குடிசை போட்டு ஐந்து வருஷமாகிறது. ஊர் அவர்களைக் கூலிக்குக் கூப்பிட்டது. கோயில் பொங்கலுக்குக் கூப்பிடவில்லை. சிலோன்காரன், சிலோன்காரி, அதுதான் பெயர்.

ஜெயக்கொடியே நாட்டாமை பேயாண்டியின் வாசலுக்குப் போனாள்.

"மயானத்துல ஒரு குழிக்கு எடம் விடுங்கய்யா."

"அது இந்த ஊரு வகையறாக்களுக்கு உள்ளதும்மா. ஒங்களுக்கு இங்க பங்காளி யாரு இருக்கா?"

அவள் புருஷனின் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். "இதுல இந்த ஊரு பேருதான் போட்டிருக்கு."

பேயாண்டி கெட்ட மனுஷரில்லை. புரட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்: "பேரு இருக்கு தாயி. ஒம் புருஷனோட பாட்டனத் தெரியும்னு சொல்ல ஆளு இல்லையே. நான் சரின்னா ஊரு என்னையக் கேக்கும்."

அவள் பாஸ்போர்ட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது பிணத்தருகே ஒச்சாயி உட்கார்ந்திருந்தாள். நடவில் ஜெயக்கொடியோடு ஒரே வரிசையில் குனிகிறவள். புருஷனில்லாமல் தம்பி வீட்டில் இருப்பவள்.

"எங்க மானாவாரிக் காட்டு மூலையில பொதைச்சுக்கிருவோம்" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, தம்பி விருமாண்டி வந்து நின்றான்.

"காடு ஒனக்கு மட்டுமா இருக்கு?"

காட்டுப் பேச்சு அதோடு முடிந்தது.

கடைசியில் மதுரைக்குப் போகிற வண்டிக்காரன் ஒருவன் இரங்கினான். அங்கே சுடுகாட்டில் எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள் என்றான். தூக்க ஆளில்லை. வண்டிக்காரன் தலைமாட்டைப் பிடிக்க, இரண்டு பெண்களும் கால்மாட்டைப் பிடித்து ஏற்றினார்கள். ஒச்சாயியும் ஏறி உட்கார்ந்தாள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது.

"எறங்குக்கா. ஒன்னையும் ஒதுக்கிருவாக."

"ஒதுக்கட்டும். நீ தனியா எப்படிப் போவ?"

மறுவாரம் நடவுக்கு ஆள் கூப்பிட்டபோது இருவரையும் ஒதுக்கிவிட்டார்கள். விருமாண்டி அக்காளின் சட்டி பானையைத் தெருவில் வைத்தான். இருவருமாக அவற்றைக் குடிசைக்குச் சுமந்தார்கள். ஒச்சாயி அடுப்பு மூட்டினாள். நாளைக்கு எந்த ஊரில் போய் வேலை கேட்பது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.