காகிதத்தின் பின்பக்கம்

“நீ இப்ப எதையாவது பார்த்தியா?” என்று மாமா கேட்டார்.

பார்த்திருந்தேன். காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனபோது அவர் அறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியில் இரண்டு காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெயில் வெளிச்சத்தில் என் அம்மாவின் கையெழுத்தை அப்படியே பேனாவால் வரைந்துகொண்டிருந்தார்.

“இல்ல மாமா.”

“ஊமைக்கோட்டான் ஊமைக்கோட்டானாவே இருக்கணும். உங்கம்மாவுக்குக் கண்ணுதான் இல்ல. உனக்கு நாக்கும் இல்லாமப் போயிடும்.”

அதன்பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் சமையலறைக்குள் போய்விடுவேன். அம்மாவிடம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவர் கீழே வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் ஒரு வக்கீலம்மா வந்தார். “இந்த வீட்டை விக்கச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வாங்குறவங்க சார்பா நேர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“விக்கவா? நானா?” என்றாள் அம்மா.

மாமா சிரித்தார். “அக்காவுக்கு மறதி. குழம்புல போட்ட உப்பையே மறுபடி போடுறா.”

“உப்பு கூடினா நாக்கு சொல்லும்டா. நான் கையெழுத்துப் போடலை.”

வக்கீலம்மா அம்மாவின் பழைய வங்கிக் காகிதம் ஒன்றை வாங்கி, சம்மதக் காகிதத்தோடு ஒப்பிட்டார். இரண்டு கையெழுத்தும் அச்சு அசலாக ஒன்றுதான். என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. இது உங்கம்மா கையெழுத்துதானே?”

மாமாவின் கை என் பிடரியில் வந்து உட்கார்ந்தது. இரண்டு காகிதங்களையும் வாங்கி, குப்புறத் திருப்பி அம்மாவின் மடியில் வைத்தேன்.

அம்மா எப்போதும் காகிதத்துக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, அழுத்தித்தான் கையெழுத்துப் போடுவாள். எழுத்து பின்பக்கம் புடைத்துக்கொண்டு வரும். அதைத் தடவிப் பார்த்த பிறகே காகிதத்தைக் கொடுப்பாள். போடும்போது மாமா ஒருநாளும் கூட இருந்ததில்லை.

அம்மாவின் விரல் ஒரு காகிதத்தில் ஊர்ந்தது. “இது என்னோடது.” மற்றதில் வழுக்கிக்கொண்டு போனது. “இது யாரோ கெட்டியான இடத்துல வச்சுப் போட்டது. தொட்டுப் பாருங்க. முன்பக்கம் உங்களுக்கு, பின்பக்கம் எனக்கு.”

வக்கீலம்மா தடவிப் பார்த்தார். மாமாவை ஏறிட்டுப் பார்த்தார். காகிதத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாமா என் பிடரியிலிருந்து கையை எடுத்தார். என்னை மட்டும் பார்த்தார். பிறகு மாடிப்படி ஏறிப் போனார்.