மாதேஸ்வரியின் காதில் ஆறு விநாடி

மாதேஸ்வரியின் வலது காதுக்கு ஓசூரில் கடைசியாக வந்த விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம். காது அவளிடமே இருக்கும், கம்மலும் அவளுடையதுதான். உள்ளே இருந்த ஆறு விநாடிச் சத்தத்துக்கு மட்டும் அந்த விலை. அந்த வாரம் தக்காளி கிலோ பதினெட்டுக்கும் ரோஜா ஒரு கட்டு நூற்றிருபதுக்கும் போய்க்கொண்டிருந்தது. காதுக்கு இது அதிகம் என்றவர்களும் குறைவு என்றவர்களும் ஏறக்குறைய சமமாக இருந்தார்கள்.

சத்தம் உள்ளே போனது 2009 ஆயுத பூஜை அன்று பிற்பகல், சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில். தகடு வெட்டும் இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பக்திப் பாட்டுக்குச் சொல்லியிருந்த ஆர்க்கெஸ்ட்ரா வேன் கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளியில், பர்மிட் தகராறில் நின்றுவிட்டது. கொடுத்த அட்வான்ஸும் வராது, பாட்டும் வராது என்று ஆனபின், அதே ஷாப்பில் வேலை பார்த்த நான்கு பேர் மேடை ஏறினார்கள். கோவிந்தன் பாடினான்; தமிழில் தொடங்கி, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் முடித்தான். இரண்டு பேர் கிடார். அருள்ஜோசப் டிரம்ஸ், அதாவது ஆயில் பேரல் மூன்று, வெட்டுத் தகடு விழும் ஸ்கிராப் தொட்டி ஒன்று. குழுவுக்கு ஸ்கிராப் என்றே பெயர் நின்றது. இது ஹெவி மெட்டல் என்று யாரோ விளக்கியபோது, ஸ்டாக்கில் இருப்பது எல்லாம் மெல்லிய தகடுதானே என்று முதலாளி ஸ்டோர் கீப்பரிடம் விசாரித்ததாகச் சொல்வார்கள். முதல் நிமிடத்திலேயே குடும்பங்கள் சுண்டல் பொட்டலத்தோடு வெளியேறின. கடைசிவரை நின்றவர்கள் இருபத்தேழு பேர்.

பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு காதில் அடைப்பான் வைப்பார்கள், இன்னொன்றைத் திறந்து விடுவார்கள். தகட்டை அமுக்கும் அச்சான டை விரிசல் விடும்போது இயந்திரத்தின் சத்தம் மாறும். அதைப் பிடிக்க ஒரு காது வேண்டும், பிடிக்காவிட்டால் விரல் போகும். அன்று இயந்திரம் ஓடவில்லை. இருந்தாலும் கதவைத் தாண்டியதும் கை தானாகப் பைக்குப் போயிற்று, அத்தனை பேரும் ஒரு காதை அடைத்துக்கொண்டார்கள். பேக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஜவளகிரிப் பெண் மாதேஸ்வரிக்கு அடைப்பான் இல்லாததால், பிரஸ் ஓட்டும் கங்கப்பன் தன்னிடம் மிஞ்சிய ஒன்றைக் கொடுத்தான். அவள் அதை இடது காதில் வைத்துக்கொண்டு பேரல்களுக்குப் பக்கத்தில் நின்றாள். ஆக, திறந்த காது வழியாகப் போன பாட்டு மறுபக்கம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது.

ஒருவருக்கும் முழுப்பாட்டு கிடைக்கவில்லை. யார் எங்கே நின்றார்களோ அந்தப் பங்குதான். கங்கப்பனுக்கு டிரம்ஸின் அடி முழுவதும், இன்னொருவனுக்குக் கிடாரின் ஒரு இழுப்பு, வேறொருவனுக்குக் கோவிந்தனின் இருமல். ஏழு நிமிடம் பதினொரு விநாடிக்கு ஒரு தரம் அது அவரவர் காதில் சுற்றி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பரோட்டாக் கடைக்குப் பின்னால் இருபத்தேழு பேரும் வட்டமாக நின்று காதோடு காது ஒட்டிக்கொண்டால் பாட்டு முழுதாகக் கேட்டது. மாதேஸ்வரி மட்டும் ஒவ்வொரு வாரமும் மூன்று விநாடி தாமதமாகத் தலையை நீட்டுவாள். அவள் காதில் இருந்தது அருள்ஜோசப்பின் குரல். பாட்டு தொடங்க அவன் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியது அதில் இருந்தது. அதற்கு முன்னால் மூன்று விநாடி வேறு ஏதோ இருந்தது. அது என்ன என்று கேட்டவர்களிடம், காது குடைச்சல் என்றாள்.

2012இல் ஸ்கிராப் குழு பெங்களூருக்குப் போயிற்று. அருள்ஜோசப் ஷிஃப்டை விட்டுப் போக மாட்டேன் என்றதால், சான்றிதழ் வாங்கிய டிரம்மர் ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். புகை வந்தது, விளக்கு வந்தது, பாட்டு மூன்றரை நிமிடமாகச் சுருங்கிற்று. பரோட்டாக் கடைக் கூட்டம் அதைக் கேட்டுவிட்டு, துரு பிடிக்காத இரும்பு இரும்பே இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. கறுப்பு டிஷர்ட் போட்ட பிள்ளைகள் பைக்கில் வந்து பழைய பாட்டைக் கேட்கக் கெஞ்சினார்கள். ஒரு காதுக்கு ஒரு முட்டை பரோட்டா என்று ரேட் நின்றது. பிறகு ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊருக்குப் போனார்கள், சிலர் துபாய்க்குப் போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் பாட்டில் ஒரு ஓட்டை விழுந்தது. வட்டம் ஒன்பது பேருக்கு வந்தபோது, அது பாட்டு என்று புதிதாகக் கேட்பவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

அருள்ஜோசப் அந்த வட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஞாயிறு சர்ச், அதன்பின் ஓவர்டைம். மாதேஸ்வரியை கேண்டீனில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பான். அவள் ஆச்சு என்பாள். பன்னிரண்டு வருடத்தில் அவர்கள் பேசியதன் சாரம் அவ்வளவுதான். சாமல்பட்டியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்த வீட்டில், மாப்பிள்ளையின் அம்மா கம்மல் எத்தனை கிராம் என்று குனிந்து பார்க்கப்போய், பெண்ணின் காதுக்குள் ஒரு ஆம்பளை பேசுகிறான் என்று எழுந்துவிட்டாள். அதன்பின் வந்த இரண்டு இடமும் அந்தச் செய்தி போன வேகத்தில் திரும்பிற்று. 2021இல் அருள்ஜோசப் காய்ச்சலில் படுத்து எட்டாம் நாள் இறந்தான். அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் அனுமதி இல்லை; இருபதில் அவள் இல்லை. மத்திகிரியில் ஒற்றை அறையில் உட்கார்ந்திருந்தாள். குரல் அன்றைக்கும் ஏழு நிமிடம் பதினொரு விநாடிக்கு ஒரு தரம், கொஞ்சமும் இறங்காமல் வந்தது.

போன வருடம் ஸ்கிராப் குழுவுக்கு மவுசு குறைந்தது. ரசிகர்கள் பழைய பாட்டு, பழைய பாட்டு என்று எழுதித் தள்ள, அதைப் பதிவு செய்து வைக்கவில்லை என்பது கோவிந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. மைக்கோடு ஆள் அனுப்பினான். காதில் மைக்கை வைத்தால் சத்தம் அதற்குள் இறங்கிவிடும்; காது காலியாகிவிடும். இருமல் எட்டாயிரத்துக்குப் போயிற்று, கிடார் இழுப்பு இருபத்தைந்துக்கு. மகள் தர்ஷினியைப் பர்கூர் என்ஜினியரிங் காலேஜில் சேர்க்க வேண்டியிருந்த கங்கப்பன், டிரம்ஸை நாற்பதுக்கு விட்டான். துபாய்க்காரர்கள் போனிலேயே கொடுத்தார்கள். இருபத்தாறையும் கணினியில் ஏற்றிப் பொத்தானை அமுக்கினால் ஓடவில்லை. கோளாறு ஒன்றும் இல்லை. யாராவது எண்ண வேண்டும் என்று அவை காத்திருந்தன.

மாதேஸ்வரி ஐம்பதுக்கு மறுத்தாள், ஒரு லட்சத்துக்கு மறுத்தாள், ஒன்று எண்பதுக்கும் மறுத்தாள். வாங்க வந்தவன், இவள் பெரிய வியாபாரி என்று வியந்து போனான். அதன்பின் வந்தது கங்கப்பன். மூன்று ஞாயிறு அவள் வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போனான். நாலாவது ஞாயிறுதான் வாயைத் திறந்தான்.

“மாதேசு, உன் ஒரு காதுலதான் அவன் இன்னும் இருக்கான். எங்களுக்கெல்லாம் வேணாமா?”

“உங்க காதுல இருந்தப்ப வித்தீங்களேண்ணா.”

“வித்தன்மா. புள்ளைக்குப் பீஸ் கட்டணும், வித்தன். இப்ப ஊடே அமைதியா இருக்குது. மிக்சி ஓடுனாக்கூட அமைதியாத்தான் இருக்குது.”

அவள் காபி போட்டுக் கொடுத்தாள். டம்ளரை வாங்கி வைத்தபிறகு, பணம் வேண்டாம், அன்று நின்றவர்களில் வர முடிந்தவர்கள் வரவேண்டும், அதுதான் விலை என்றாள்.

பழைய பிரஸ் ஷாப் இப்போது பார்சல் கிடங்கு. விளம்பரத்துக்கு அதே கூரைதான் வேண்டும் என்று கோவிந்தன் அரை நாள் வாடகைக்கு எடுத்தான். பதினாறு பேர் வந்தார்கள். பழக்கம் விடாமல் பாதிப் பேர் அடைப்பானைத் தேடிப் பையைத் தடவினார்கள். மாதேஸ்வரி மூன்றாவது தூணருகே பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து வலது காதை மைக்கிடம் கொடுத்தாள். பதினான்கு வருடமாக அவள் மறைத்த மூன்று விநாடி முதன்முதலாக வெளியே கேட்டது.

“மாதேசு, பயந்துக்காத. வெறும் சத்தந்தான். ஒன்னு, ரெண்டு, மூணு.”

இருபத்தாறும் ஒன்றாகக் கிளம்பின. கூரைத் தகடு அதிர்ந்து தூசி கொட்டிற்று, பார்சல்கள் ரோலரில் தாமாக நகர்ந்தன. கங்கப்பன் பெட்டிமேல் தாளம் தட்டிக்கொண்டே அழுதான். கோவிந்தனுக்குப் பாட்டின் சொற்கள் ஒன்றும் ஞாபகம் இல்லை. வாயை மட்டும் அசைத்தான். யாரும் மாதேஸ்வரியின் பக்கம் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாட்டு முடிந்ததும் அவள் கம்மலைச் சரி செய்துகொண்டு, தனக்கு நேரமாகிறது என்று எழுந்தாள்.

பாட்டு வெளியாகி நாற்பது லட்சம் பேர் கேட்டார்கள். பெங்களூரில் அதைச் சீர் செய்த இன்ஜினியர், முன்னால் உள்ள பேச்சு யாருக்கு வேண்டும் என்று மூன்று விநாடியை வெட்டிவிட்டான். வெட்டியது அன்று பிற்பகலே கிடங்கின் மூன்றாவது தூணருகே கேட்க ஆரம்பித்தது. ஏழு நிமிடம் பதினொரு விநாடிக்கு ஒரு தரம். பார்சல் பிரிக்கும் பெண்கள் முதலில் யார் போன் என்று தேடினார்கள். யாரும் பயப்பட வேண்டாம் என்று நோட்டீஸ் ஒட்டலாமா என மேனேஜர் யோசித்தார். குரலே அதைச் சொல்லிவிடுவதால் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டார். இரண்டு வாரத்தில் டீ இடைவேளையை அதை வைத்தே கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள்.

செய்தியைக் கங்கப்பன்தான் போய்ச் சொன்னான். அடுத்த மாதம் மாதேஸ்வரி பழைய வேலையை விட்டுவிட்டு, ஆயிரத்து நானூறு குறைந்த சம்பளத்துக்கு அந்தக் கிடங்கில் ஸ்கேன் செய்யும் வேலையில் சேர்ந்தாள். கேட்டவர்களிடம் பஸ் வசதி என்றாள். அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது. மூன்றாவது தூணருகே வெயில் இறங்குகிறது என்று வேறு யாரும் கேட்காத இடம் அவளுக்குச் சுலபமாகக் கிடைத்தது.

ஆக, அன்றைய சத்தத்தின் கணக்கு இப்படி நிற்கிறது. பெங்களூருக்குப் போனது ஏழு நிமிடம் எட்டு விநாடி, ஓசூரில் தங்கியது மூன்று விநாடி. கூட்டினால் சரியாக இருக்கிறது. ஆளில் மட்டும் ஒன்று பாக்கி.