ராஜா முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டினார்

ராஜாவின் கிரீடம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கவிழ்ந்து கிடந்தது. ராஜா பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டிருந்தார்கள். நான் எதிரில் போய் நின்றேன்.

"ஒரு ஆளப் பத்தி விசாரிக்கணும்."

"போலீஸா?"

"பொண்ணப் பெத்தவன்."

பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. ராஜா அதை எடுக்கவில்லை.

என் மகள் அந்த நாடகக் கம்பெனியில் உடுப்புத் தைக்கிறாள். பேச்சைவிடப் பாட்டு அதிகமாக வரும் நாடகம் அது. ராஜாவுக்குக் கோபம் வந்தாலும் பாட்டு, சத்திரத்தில் சோறு தீர்ந்துபோனாலும் பாட்டு. அவள் புருஷன் இறந்து நாலு வருஷம் ஆகிறது. போன வாரம் ஒரு சாயங்காலம், மடியில் இருந்த துணியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஒருத்தர் கேக்கறார்ப்பா" என்றாள்.

"யாரு, ராஜாவா?"

"இல்ல."

"மந்திரியா?"

"மேடைக்கே வரமாட்டார்ப்பா. யாராவது வரலேன்னா அவங்க வேஷத்த இவர் கட்டிக்குவார். எல்லார் பாட்டும் இவருக்குத் தெரியணும்."

"எல்லாரும் வந்துட்டா?"

"ஓரமா சும்மா நிப்பார்."

ஓரமாகச் சும்மா நிற்கிறவனை நாற்பது வருஷம் விரட்டியவன் நான். லாரி எடைமேடையில் வேலை. மணல் லாரி மேடையேறினால் கிளீனர் ஒருத்தன் இறங்கி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, மேடை ஓரத்தில் சும்மா நிற்பான். அவன் எடையும் மணலோடு சேர்ந்து ஏறும். கேட்டால், "சும்மாதான் நிக்கிறேன்" என்பான். உலகத்தில் யாரும் சும்மா நிற்பதில்லை என்பதுதான் நான் படித்த படிப்பு.

இதைச் சொல்லிக் கத்துவதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "நீங்களே நேர்ல போய் விசாரிங்க. வேணாம்னு நீங்க சொன்னா விட்டுடறேன்" என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எதிர்த்துப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அழுதிருந்தால்கூடப் போட்டிருப்பேன். மொத்தத்தையும் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள். அன்று எனக்குத் தூக்கமில்லை. நான் வேண்டாம் என்றால் இவள் விட்டுவிடுவாள். அதுதான் பயம். விட்டுவிட்டு, முகத்தைச் சுளிக்காமல் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, நான் போன பிறகும் அந்த வீட்டில் தனியாக நூல் கடித்துக்கொண்டிருப்பாள்.

முதல் கல்யாணத்துக்கும் நான்தான் விசாரித்தேன். அவன் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப், வாடகைக்கு இருந்த தெரு, முடி வெட்டுகிற கடை, ஒன்று விடவில்லை. எல்லாரும் நல்லவன் என்றார்கள். நல்லவனாகத்தான் இருந்தான். செத்துப்போவான் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

இந்த ஆளைப் பற்றி எங்கே போய்க் கேட்பது? கம்பெனியில்தான் கேட்க வேண்டும். அங்கே இருப்பதெல்லாம் நடிகர்கள். அழச் சொன்னால் அழுகிறவர்கள்.

ராஜா நெஞ்சில் கை வைத்தார். "ஐயா, தங்கமான மனுஷன். அவனை மாதிரி ஒருத்தன..."

"கையக் கீழ இறக்குங்க. ரெண்டாவது பாட்டுலயும் இப்படித்தான் வைக்கிறீங்க, எம் பொண்ணு பாஸ் குடுத்து நான் பாத்திருக்கேன்." சரக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் வண்டியைக் காலியாகவும் ஒருமுறை எடை போட வேண்டும். "இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

"நானா? ஆம்புலன்ஸ் ஓட்டினேன். பாட்டுல ஆசை வந்து இங்க வந்தேன்."

"அப்ப ஆம்புலன்ஸ்காரரா சொல்லுங்க. ராஜா சொல்றது எனக்கு வேணாம்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்த நிலை மாறியது. இரண்டு கையும் தானாக முன்னால் வந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தன.

"வண்டியில என் பக்கத்து சீட்டுல ஒருத்தன் உக்காரணும்யா. லெஃப்ட்ல ஏறு, ரைட்ல ஒடின்னு கத்தணும். அந்த சீட்டுல இவன உக்கார வைக்க மாட்டேன். சுயமா ஒரு முடிவு எடுக்க மாட்டான். நீங்க எங்க போறீங்களோ அங்க வரேன்னு உக்காந்திருப்பான்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா பின்னாடி, நோயாளி பக்கத்துல? அங்க இவனத்தான் உக்கார வைப்பேன்."

அன்று நான் கேட்ட முதல் உண்மை அது. குறையோடு வந்ததால் நம்பினேன்.

அடுத்தது வில்லன். மீசையை ஒட்டிக்கொண்டிருந்தார். பார்த்தால் பச்சைக் குழந்தையையும் விற்றுவிடுகிற முகம். முன்பு பாலர் பள்ளியில் வாத்தியாராம்.

"மூனு வயசுப் பிள்ளைங்க. மூக்கத் தொடச்சு விட்டே ரேகை அழிஞ்சு போச்சு பெரியவரே" என்று விரலைக் காட்டினார். "அங்க ரெண்டே வகைதான். ஓடிப்போய் இடம் புடிக்கறது ஒன்னு. பக்கத்துப் பிள்ளைக்கு இடம் புடிச்சு வச்சுட்டு அது எப்ப வரும்னு வாசலையே பாத்துட்டு நிக்கறது இன்னொன்னு. இவன் ரெண்டாவது. அந்தப் பிள்ளைங்கள நெனச்சாத்தான் வாத்தியாருக்குக் கவலை. அதுங்க உக்காரவே மறந்துடும்."

சத்திரக்காரக் கிழவியாக வருகிற அம்மாள் மூலையில் காலை நீட்டி, முழங்காலில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தார். ஆகிருதியான உடம்பு. ஓய்வு பெறும்வரை ஜெயிலில் வார்டனாக இருந்தவர்.

"நீங்க வந்து பத்து நிமிஷமா எல்லாரையும் குடையறத பாத்துட்டேதான் இருக்கேன்" என்றார். "என் தொழில என்கிட்டயே காட்டறீங்களா? சரி, கேட்டுக்குங்க. ஜெயில்ல கைதி பேசறத நாங்க கேக்க மாட்டோம். கையப் பாப்போம். இவன் கை எப்பவும் வெளிய தெரியும். ஒளிக்கிற கை இல்ல. ஆனா எதையும் கெட்டியா புடிச்சும் நான் பாத்ததில்ல."

"அது நல்லதா கெட்டதா?"

"அதத் தெரிஞ்சுக்கத்தான நீங்க வந்தது? எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

அந்த நேரம் பார்த்து அவரே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி, நல்ல உயரம், முன்நெற்றி ஏறியிருந்தது. கையில் இருந்த டேப்பைக் கிழித்துத் தரையில் அடையாளம் ஒட்டிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். யாரும் அறிமுகம் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஸ்டெப்னி, மாமனார் வந்திருக்காருடா! விழுந்து கும்புடு!" என்று பின்னாலிருந்து மந்திரி கத்தினான். வார்டன் அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மந்திரி கதவைச் சாத்திக்கொண்டான்.

"ஸ்டெப்னின்னா கூப்பிடறாங்க?" என்றேன்.

"ஆமா சார். டயர் பஞ்சரானா எடுத்து மாட்டுவாங்கல்ல."

"உங்களுக்கு ரோஷம் வராதா?"

"மொதல்ல வந்துச்சு சார்."

"முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

அவர் டேப்பைக் கையில் உருட்டினார். "லீவுக்குப் போறவங்களுக்குப் பதிலா போறதுதான் சார். போஸ்ட் ஆபீஸ்ல கொஞ்ச நாள். ஸ்கூல் வேன் ஓட்டினேன். ஆஸ்பத்திரியில லிஃப்ட். பிரசவ லீவுல போன ஒரு டீச்சருக்குப் பதிலா கணக்குக்கூட எடுத்தேன்."

"ஒரு எடத்துலயும் நிக்கல."

"நான் நிப்பேன் சார். அந்த எடத்துக்காரங்க திரும்பி வருவாங்க, எந்திரிச்சுடணும்."

என் வாய் சும்மா இருக்காது. "எம் மருமகன் திரும்பி வரமாட்டான்" என்றேன்.

வார்டன் அம்மாள் ஐஸ் பையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். டேப்பை உருட்டுவதை நிறுத்திவிட்டு அந்த ஆள் என்னைப் பார்த்தபடியே நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை.

"தெரியும் சார்" என்றார். "அதான் பயமா இருக்கு."

பெண் கேட்டு வருகிறவன் மார்பைத் தட்டுவான். நல்லா வச்சுக்குவேன், ராணி மாதிரி வச்சுக்குவேன் என்பான். பயமாக இருக்கிறது என்று ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் மணி அடித்தது. வார்டன் அம்மாள் எழுந்தார், பாதியிலேயே நின்றார். முழங்கால் பிடித்துக்கொண்டது. மேசையைப் பற்றிக்கொண்டு மூச்சுவிட்டார். வியர்வை கன்னத்துப் பவுடரில் கோடு போட்டது. "ஸ்டெப்னி" என்றார் மெதுவாக. "என் பாவாடையப் போட்டுக்க."

என் மகள் ஓடிவந்தாள். வாயில் குண்டூசி. நான் இருப்பதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி வேலையைத் தொடங்கினாள். சத்திரக்காரியின் கறுப்பு ரவிக்கையில் இரண்டு வரிசைக் கொக்கி இருந்தது. அந்த அம்மாளுக்கு ஒன்று, இவருக்கு ஒன்று. அப்போதுதான் சுவரில் தொங்கிய மற்ற உடுப்புகளைப் பார்த்தேன். ராஜாவின் அங்கி, மந்திரியின் கோட்டு, சேவகனின் சட்டை, எல்லாவற்றிலும் இரண்டாவதாக ஒரு வரிசை, சின்னத் தையலில்.

"மூச்ச உள்ள இழுங்க" என்றாள்.

"இழுத்துட்டேன்."

"பொய்."

அவள் சிரித்தாள். குண்டூசிகள் விழுந்துவிடாமல் உதட்டை மூடிக்கொண்டு, மூக்கு வழியாக. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்படிச் சிரிப்பாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மேடையின் ஓரத்தில், திரை மறைவில், எனக்கும் வார்டன் அம்மாளுக்கும் நாற்காலி போட்டார்கள். சத்திரக்காரி வந்ததும் சனம் சிரித்தது. ஆறடி உயரக் கிழவி, ஆண் குரல். சுருதியை இறக்கி, சத்தம் போடாமல் பாடினார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. குரல் அப்படி ஒன்றும் விசேஷமில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கிழவிக்குப் பசி என்றால் நம்பலாம் போலிருந்தது.

பிறகு அரண்மனைப் படி. கிழவி ஏறிப்போய் ராஜாவிடம் அரிசி கேட்க வேண்டும். மூன்றாவது படியில் அவர் இடது காலை இழுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். அசல் அந்த அம்மாள் மாதிரியே.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "வலியில துடிக்கற மனுஷி இங்க உக்காந்திருக்கு, அங்க போய் நக்கல் பண்றானா?" என்று எழுந்துவிட்டேன்.

வார்டன் அம்மாள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். சிறைச்சாலைப் பிடி. "சத்தம் போடாதீங்க. ராஜாவப் பாருங்க."

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். பாட்டின் நடுவில், தாளம் தவறாமல், கையை நீட்டினார். சாய்ந்து நின்ற கிழவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தது.

"கதையில அது கெடையாது" என்றார் வார்டன் அம்மாள் என் காதில். "எனக்குக் கால் வலிக்குதுன்னு அந்த ஆம்புலன்ஸ்காரன் தானா குடுக்க ஆரம்பிச்ச கை. பழகிப்போச்சு அவனுக்கு. இவன் விறுவிறுன்னு ஏறிட்டான்னா அந்தக் கை என்னாகும்? சும்மா காத்துல நிக்கும்ல?"

என் மகள் ரோட்டைக் கடக்கும்போது இடது கையைச் சற்று விலக்கியே வைத்திருப்பாள். மருமகன் அந்தப் பக்கம்தான் நடப்பான். நாலு வருஷமாக அந்தக் கை அப்படித்தான் போகிறது, காற்றைப் பிடித்துக்கொண்டு. ஒருமுறை நான் போய்ப் பிடித்தேன். "என்னப்பா, தலை சுத்துதா?" என்று என்னைக் கேட்டாள்.

திரையின் அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஊசி நூல். மேடையை அவள் பார்க்கவில்லை. இருட்டில் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மூன்று பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அவள் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவன் எங்களுக்கு இரண்டு அடி பின்னால் வந்தான். சட்டையை மாற்றியிருந்தான், முகத்தை அவசரத்தில் கழுவியிருந்தான். நிறுத்தத்தில் நின்றவர்கள் அவனையே பார்த்தார்கள். ஒரு பெண் தன் தோழியை இடித்துக் காட்டிச் சிரித்தாள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு பார்த்தேன். காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் கிழவியின் சாயம் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு, ஓரமாக நின்றான்.

"இங்க வா" என்றேன்.

அவன் என் மகளைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள்.

"உன்னத்தான். குனி."

குனிந்தான். எனக்கு எட்டவில்லை, இன்னும் குனிந்தான். என் துண்டின் முனையைப் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலில் நனைத்து வலது காதுக்குப் பின்னால் தேய்த்தேன். எண்ணெய்ச் சாயம், லேசில் போகவில்லை. அழுத்தினேன். தண்ணீர் அவன் காலருக்குள் வழிந்தது.

"நான் பண்றேன்ப்பா" என்றாள் மகள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நீ பையப் பிடி. ஏய், ஆடாம நில்லு."

பஸ் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள். டிரைவர் ஜன்னல் வழியாக எட்டி எங்களைப் பார்த்தார், ஹாரனை ஒருமுறை தட்டினார். இடது காது இன்னும் பாக்கி இருந்தது. துண்டில் சுத்தமான ஒரு முனையைத் தேடினேன்.