கல்நார்ச் சட்டை

போட்டுக்கொண்டு நெருப்புக்குள் நடந்துபோய், மேலில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் திரும்பி வரக்கூடிய சட்டை ஒன்று பிரேசர் டவுனில் தயாராகிறது என்ற பேச்சு, 1956 மாசியில் அல்சூர் முழுக்கப் பரவியிருந்தது. டீக்கடையில் அதை வைத்துப் பந்தயம் கட்டினார்கள். குழாயடியில் பெண்கள் சந்திரம்மாவை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். அந்தச் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

ரயில் பாதையை ஒட்டிய நீளமான கொட்டகையில் இருந்தது அந்தக் கம்பெனி. மூட்டை மூட்டையாகக் கல்நார் வரும். ஆபீசில் அதை ஆஸ்பெஸ்டாஸ் என்பார்கள். வேலை செய்கிறவர்களுக்கு அது பஞ்சு. மண்ணைத் தோண்டி எடுத்த கல்தான் அது. ஆனால் அடித்து உதிர்த்தால் நூலாகத் திரிக்கலாம், துணியாக நெய்யலாம், தீ வைத்தால் எரியாது. கொதிகலன்களுக்குச் சுற்றும் மெத்தை, ரயில் எஞ்சினுக்கான கயிறு, பேக்கரி அடுப்பில் கை விடுவதற்கான உறை எல்லாம் அங்கே செய்தார்கள்.

சந்திரம்மா தையல் பக்கம். அவள் கணவன் பச்சைமுத்து பஞ்சு ரூமில் இருந்தான். மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, கட்டையால் அடிக்கிற அறை அது. சாயங்காலம் வெளியே வரும்போது அவனுக்குப் புருவம், மீசை எல்லாம் வெளுத்திருக்கும். நாடகத்தில் கிழவன் வேஷம் போட்டவன் மாதிரி இருக்கிறாய் என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"ஏரோப்ளேன் எறங்கற ஏரோட்ரோம் தீயணைப்புப் படைக்கு இந்தச் சட்டை சீமையிலேர்ந்து வரது. நாமே பண்ணிக் காட்டினா ஆர்டர் நமக்குத்தான்" என்று மேனேஜர் சீனிவாசராகவன் சொன்ன நாளிலிருந்து கொட்டகை வேறு மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகிற மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. சட்டை, கால்சட்டை, கையுறை, தலையை மூடும் முகமூடி, அதில் பார்ப்பதற்குக் கண்ணாடி போன்ற ஒரு மைக்காத் தகடு. துணி தடிமனாக இருந்ததால் ஊசி முறிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தையலையும் சந்திரம்மா இரண்டு முறை ஓட்டினாள்.

ஏரிக்கரை மைதானத்தில், அதிகாரிகள் முன்னால், நிஜமான நெருப்பில் நடந்து காட்டவேண்டும். யார் நடப்பது என்று மேனேஜர் கேட்டு முடிப்பதற்குள் பச்சைமுத்து கையைத் தூக்கிவிட்டான்.

"பொண்டாட்டி தெச்ச சட்டை. நான் போடாம வேற எவன் போடுவான்" என்றான். அவன் உடம்புக்கே அளவெடுத்தார்கள்.

ஒத்திகை கொட்டகை முற்றத்தில் நடந்தது. நெருப்பு இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு கடைசிவரை ஓடவேண்டும். அங்கே கிடக்கும் வைக்கோல் பொம்மையை, விபத்தில் மாட்டிய ஆளாக நினைத்து, தூக்கிக்கொண்டு வரவேண்டும். எல்லோரும் கைதட்டி அனுப்பினார்கள். பாதி தூரத்திலேயே பச்சைமுத்து முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அவனோடு பஞ்சு ரூமில் வேலை செய்யும் சின்னப்பா ஓடிப்போய் முகமூடியைக் கழற்றினான். பச்சைமுத்துவின் தோள்கள் ஏறி ஏறி இறங்கின. மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம், காய்ந்த சருகை யாரோ மெல்ல மிதிப்பது போல நெஞ்சுக்குள் ஒரு சத்தம் கேட்டது. சந்திரம்மா அப்படியே நின்றுவிட்டாள். தங்கவயலில் சுரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த அவள் அப்பா, கடைசி வருஷம் முழுக்க இப்படித்தான் மூச்சு விட்டார்.

"எத்தினி நாளா மாமா இப்டி?"

"சட்டை கனம்டி. வேற ஒண்ணுமில்ல."

"சட்டை கனம் எனக்குத் தெரியாதா? நான் தெச்சது."

மறுநாளே அவனை டாக்டர் மௌரீனிடம் அழைத்துப்போனாள். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இருந்த அந்த அம்மாள், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு பச்சைமுத்துவின் காதோர முடியிலிருந்து ஒரு வெள்ளை நாரை எடுத்து விரலில் உருட்டினாள்.

"இங்கிலாந்துல படிக்கும்போது இந்த மாதிரி கேஸ் பாத்திருக்கேன். எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் ஃபாக்டரி ஆளுங்க. இந்தத் தூசி உள்ளே போனா வெளியே வராது. ஊசி மாதிரி நின்னுக்கும். அதைச் சுத்தித் தழும்பு கட்டி, லங்ஸ் இறுகிப் போயிடும்."

"கல்லுத் தூசின்னா எனக்குத் தெரியும்மா. எங்கப்பா அதுலதான் போனாரு. இது பஞ்சாச்சே" என்றாள் சந்திரம்மா.

"பார்க்கத்தான் பஞ்சு. அதுவும் கல்லுதான்."

"மருந்து?"

"ஆன தழும்புக்கு மருந்து இல்லே. இவர் இனிமே அந்த ரூமுக்குள்ளே காலே வைக்கக்கூடாது. அங்கே தூசியை இழுத்து வெளியே தள்ற பெரிய ஃபேன் வைக்கணும், சரக்கை நனைச்சு வேலை செய்யணும். இங்கிலாந்துல இதுக்குச் சட்டமே இருக்கு."

"இவரு துணிய நான்தான் ஒதறித் தொவைக்கறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "உதறாதே. அப்படியே தண்ணியில முக்கிடு. உனக்கும் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம்."

அவள் படத்தில் ஒன்றும் இல்லை. இருவரும் வெயிலில் நடந்து வந்தார்கள். அல்சூர் கடைத்தெரு வந்ததும் பச்சைமுத்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டான்.

"அப்போ நெருப்புல யாரு நடக்கறது?"

அவளுக்கு முதலில் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவன் முகத்தில் இருந்தது சாவு பயம் அல்ல. ஊரே பேசுகிற ஒரு காரியம் நின்றுபோய்விடுமே என்ற பதைப்பு. அது தனக்குள்ளும் அதே அளவு இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நான்" என்றாள்.

மேனேஜர் அதற்குள் கிருஷ்ணப்பா என்ற பயில்வானைக் கூட்டி வந்திருந்தார். அவன் தோளுக்குச் சட்டை ஏறவில்லை. கழுத்துவரை முகமூடி இறங்கவில்லை. "பேடா சாமி", வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அழைப்பு அனுப்பியாகிவிட்டது, புதிதாகத் தைக்க நேரமில்லை.

"எனக்குச் சரியா இருக்கும் சார். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரே ஒசரம்" என்றாள் சந்திரம்மா.

"நீ பொம்மனாட்டி. ஏதாவது ஆயிடுத்துன்னா?"

"ஆவாது. தெச்சது நான்தானே. ஆனா பஞ்சு ரூமுக்குத் தூசி இழுக்கற ஃபேன் வெக்கணும் சார். டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்காரர கேட் வேலைக்கு மாத்தணும்."

"டாக்டர்கள் எதையாவது சொல்லிண்டேதான் இருப்பா. முதல்லே இது நல்லபடியா முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

நடந்து காட்டவேண்டிய ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. மரக்கிளைகளில்கூட ஆட்கள். பந்தலில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் நீளமாகப் பள்ளம் வெட்டி, விறகும் டயரும் போட்டு எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். கடைசியில், குறுக்கே அடுக்கிய விறகுக்கு அப்பால், வைக்கோல் பொம்மைக்கும் ஒரு கல்நார்ப் போர்வை சுற்றிக் கிடத்தியிருந்தார்கள்.

மைதான ஓரத்தில் போட்டிருந்த கூடாரத்துக்குள் பச்சைமுத்துதான் அவளுக்கு முகமூடியைப் போட்டான். அதற்கு முன் ஈரத்துணியால் அதன் உட்புறத்தை இரண்டு முறை துடைத்தான். "ஓடாதே. ஓடினா மூச்சு வாங்கும். நெருப்பு உன்ன ஒண்ணும் பண்ணாது, சும்மா நட" என்றான்.

தீ வைத்தபோது எழுந்த சத்தம் முகமூடிக்குள்ளேயே அவளுக்குக் கேட்டது. புகை கறுப்பாக ஏறியது. முன்வரிசைக் கூட்டம் சூடு தாங்காமல் பின்னால் தள்ளிப்போனது. சந்திரம்மா நடந்தாள். இருபுறமும் ஆரஞ்சுச் சுவர். உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிந்தது, சுடவில்லை என்பதுதான். கையை நீட்டி நெருப்புக்குள்ளேயே விட்டுப் பார்த்தாள். சுடவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் தைத்தது, நான் தைத்தது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனாள்.

அப்போது மைக்காத் தகட்டில் அவள் மூச்சே ஆவியாகப் படிந்து, எல்லாம் மங்கிவிட்டது. எது வழி, எது பள்ளம் என்று தெரியவில்லை. ஒரு கால் சரிவில் இறங்கிவிட்டது. கூட்டம் ஓவென்று கத்துவது எங்கோ தூரத்தில் கேட்டது. கைகளை வீசிச் சமாளித்து நிமிர்ந்தாள். பிறகு கால்களைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தாள். எரியும் விறகைத் தாண்டியதும் மெத்தென்று ஏதோ பாதத்தில் தட்டியது. குனிந்து கட்டிப்பிடித்துத் தோளில் போட்டு, அதேபோலக் காலைத் தேய்த்தபடி திரும்பி நடந்தாள். வெளியே வருகிறோம் என்பது தெரியாமலே வெளியே வந்துவிட்டாள். யாரோ வாளித் தண்ணீரை மேலே வீசிய பிறகுதான் நின்றாள்.

ஏரோட்ரோம் தீயணைப்பு அதிகாரி தியோடர் பந்தலிலிருந்து ஓடிவந்து தன் கையாலேயே முகமூடியைக் கழற்றினார். உள்ளே இருந்தது வியர்வையில் குளித்த ஒரு பெண்ணின் முகம். மைதானத்தில் எழுந்த ஆரவாரத்தில் ஏரியிலிருந்த நாரைகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. அவளோடு தைக்கும் முத்தம்மா, தாயம்மா முதலிய பெண்கள் எல்லோரும் தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

"சட்டையும் நீங்களே தெச்சதாமே" என்றார் தியோடர். "கம்பெனி உங்களுக்கு ஏதாவது செய்யணுமே."

"அதிலென்ன சந்தேகம்" என்றார் சீனிவாசராகவன், முகமெல்லாம் சிரிப்பாக. "கேளும்மா, என்ன வேணும்?"

"ஃபேன் சார்."

"இவ்வளவுதானா? நாளைக்கே ஆத்துக்கு அனுப்பிடறேன்."

"வீட்டுக்கு இல்ல சார். பஞ்சு ரூமுக்கு." அவள் தியோடர் பக்கம் திரும்பினாள். "இந்தப் பஞ்சு அடிக்கறப்ப வர தூசி நெஞ்சுக்குள்ள போயி நிக்குது ஐயா. எங்க வீட்டுக்காரர்தான் இன்னிக்கி நடக்க வேண்டியவரு. அவரால மூச்சு விட முடியல. அத்தனாலதான் நான் வந்தேன். அந்த ரூம்ல இன்னும் ஆளுங்க இருக்காங்க."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பச்சைமுத்துவைத் தியோடர் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆர்டர் கொடுக்க நானே நேர்ல வரேன் மிஸ்டர் ராகவன்" என்று தியோடர் இந்த முறை தமிழிலேயே சொன்னார். "அப்போ அந்த ரூமை முதல்லே பார்க்கணும். ஃபேன் ஓடிட்டிருக்கணும்."

யுகாதிக்கு முன்பே ஃபேன் வந்துவிட்டது. ஆள் நுழையும் அளவுக்கு ஒரு தகரக் குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. ஓடவிட்ட முதல் நாள், கொட்டகை முழுக்க வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றது. எப்போதும் பனிமூட்டம் போல நிற்கும் வெள்ளைத் தூசி, பட்டாளம் மாதிரி வரிசையாகத் திரும்பிக் குழாய்க்குள் போவதைக் கண்டு சின்னப்பா விசிலடித்தான். எதிர்ச்சுவர் எப்படி இருக்கும் என்பதையே அவன் அன்றுதான் பார்த்தான். அந்தக் குழாய் தூசியை ரயில் பாதைப் பக்கம் கொட்டியது; அதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை. மின்சாரம் வீணாகிறது என்று மேனேஜர் சில நாள் ஃபேனை நிறுத்திப் பார்த்தார். நிறுத்திய நாட்களில் பெண்கள் ஊசியைத் தொடவில்லை, திரும்ப ஓடியது.

பச்சைமுத்துவுக்குக் கேட் வேலை கிடைத்தது. டாக்டர் சொன்னபடியே போன மூச்சு திரும்பவில்லை. 1962-இல் அவன் இறந்துபோனான். அதுவரை கேட்டில் வந்து நிற்கும் லாரிக்காரர், தபால்காரர், சோடாக்காரர் ஒருவரையும் அவன் சும்மா விட்டதில்லை. ஏரிக்கரையில் அன்று நடந்ததைச் சொல்வான். நாலு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளவேண்டும். கேட்பவர்கள் காத்திருப்பார்கள். சந்திரம்மா அந்தப் பக்கம் வந்தால், "அவளேதான்" என்று கையைக் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வான்.