அக்குள் துண்டு இல்லாத அங்கி

இங்கிலாந்தின் விட்பி ஊரில் பழந்துணிக்குக் காலம் கணிப்பவள் நான். என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பொய்யோடுதான் வருவார்கள். விக்டோரியா ராணி காலத்துக் கல்யாண உடுப்பு என்பார்கள், விரித்தால் நாடகக்காரன் வீசியெறிந்ததாக இருக்கும். என் வாயால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள்.

பிலிப்பா வந்தபோது அவளுக்கு எட்டு மாதம். மூச்சு வாங்க உட்கார்ந்து ஒரு வெள்ளை அங்கியை மேசைமேல் வைத்தாள். அதனுள்ளிருந்து இரண்டு உள்ளங்கை அகலச் சட்டை ஒன்று விழுந்தது.

"அது ஏதோ பொம்மைச் சட்டைங்க, விடுங்க. அங்கிதான் முக்கியம். எங்கம்மா வழியில ஹெப்சிபான்னு ஒருத்தி, தலைப்பிள்ளை பெத்தப்போ போட்டிருந்தாளாம். நானும் பிரசவத்துக்கு இதைத்தான் போட்டுக்கப் போறேன்."

"ஆஸ்பத்திரியில சிரிக்கப் போறாங்க, கண்ணு."

"சிரிக்கட்டும். என்னைப் பெத்தப்பவே எங்கம்மா போயிட்டாங்க, மிஸஸ் ஹார்க்கர். எனக்கு பயமா இருக்கு. இதைப் போட்டுக்கிட்டா பொழைச்சிடுவேன்னு ஒரு நம்பிக்கை."

விரித்தேன். முழுக்கக் கைத்தையல். தையல் இயந்திரம் வீட்டுக்கு வீடு வருவதற்கு முந்தையது. மார்பில் சிவப்பு நூலில் ஹெப்சிபாவின் முதலெழுத்து, மணப்பெண்கள் தங்கள் துணிக்கெல்லாம் இடும் அடையாளம். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதை ஒட்டியது என்று சொல்ல வாயெடுத்தவள், அக்குளைத் திருப்பிப் பார்த்தேன்.

அக்குள் துண்டு இல்லை. அந்தக் காலத்து உள்ளாடை எதுவானாலும் அங்கே ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைப்பார்கள், இல்லாவிட்டால் கையைத் தூக்க முடியாது. அங்கியைப் புரட்டினேன். முதுகும் இல்லை, நாடாக்கள் மட்டும்.

கையைத் தூக்க வேண்டாத, மல்லாந்தே கிடக்கிற உடம்புக்கு உடுத்துவது இது. பிரசவம் கொண்டுபோய்விடலாம் என்று அன்றைய மணப்பெண்கள் கல்யாணத் துணியோடு தங்கள் சவத்துணியையும் தைத்து வைப்பார்கள். எவரையும் முகத்துக்கு நேரே கிழிக்கிற நான் இதை மட்டும் அவளிடம் சொல்லப் பயந்தேன். கண்ணில் பட்ட அடி ஓரத்தின்மேல் பாய்ந்தேன்.

"எந்தப் புண்ணியவதி இதுல கத்தரிக்கோல் வச்சா? குறுக்கால வெட்டி, மடிச்சுக்கூடத் தைக்கலை!"

"எங்க வீட்டுல யாரும் வைக்கலை. எப்பவும் இப்படித்தான் இருக்கு. அது கிடக்கட்டும், உங்க முகம் ஏன் இப்படிப் போச்சு? மறைக்காம சொல்லுங்க."

சொன்னேன். துணியிலிருந்த கையை வெடுக்கென்று இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப இதுவும் சாவுதானா?" என்று விம்மினாள். பாவி நான், வேறு வேலை பார்த்திருக்கக் கூடாதா!

அவள் கண்ணில் படாமல் எல்லாவற்றையும் அள்ளப் போனேன். சின்னச் சட்டை கையில் தட்டுப்பட்டது. அதன் அக்குளில் சதுரத் துண்டு. பொம்மைக்கு எதற்கு அது?

நெசவில் தடித்த இழை ஒன்று சட்டையில் ஓடியது. அங்கியின் வெட்டிய ஓரத்தோடு வைத்துப் பார்த்தேன். அதே இழை அங்கியிலும் தொடர்ந்தது. சட்டையின் கழுத்தில் பால் கறை. துவைத்துத் துவைத்து நைந்திருந்தது.

"அவ சாகலை, கண்ணு! பெத்துப் பொழைச்சு எழுந்து, தன் சவத்துணியையே வெட்டிப் பிள்ளைக்குச் சட்டை தச்சிருக்கா. இந்தா, தொட்டுப் பாரு."

பிலிப்பா சட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இன்னும் நிறையத் துணி மிச்சமிருக்கு. கத்தரிக்கோல் இருக்கா?"

பழந்துணியில் கத்தரி வைத்தவர்களைச் சபித்தே வாழ்ந்தவள் நான். இழுப்பறையைத் திறந்து, இருப்பதில் கூரானதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.