பாலையா வீட்டுத் தரை

1997 பிப்ரவரி பதினொன்றாம் தேதி மத்தியானம் மூன்றரை மணிக்குக் களமசேரிக்குக் கிழக்கே ஒரு மலை முப்பது சென்டிமீட்டர் குறைந்தது. அதே நேரத்தில் மட்டாஞ்சேரியில் பாலையா வீட்டுத் தரை முப்பது சென்டிமீட்டர் உயர்ந்தது. மலையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்த அவன் மனைவி பாப்பாவுக்குத் தெரிந்தது. அடுப்பும் கட்டிலும் தண்ணீர்க்குடமும் அவளும் சேர்ந்து மெல்ல மேலே வந்தார்கள். குடத்துத் தண்ணீர் தளும்பவில்லை. கூரை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சாயங்காலம் படகை விட்டிறங்கி வந்த பாலையா, பத்து வருடமாக நிமிர்ந்து நுழைந்த வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டான்.

அவன் நில அளவை அலுவலகத்தில் தினக்கூலி செயின்மேன். சங்கிலி இழுப்பதும் அளவுகோல் பிடிப்பதும் வேலை. மலை எது, மேடு எது என்று முடிவு செய்ய அதற்கு முந்தைய வருடம் ஒரு சிறப்பு அலுவலகம் திறந்து அவனையும் அங்கே அனுப்பியிருந்தார்கள். கடல்மட்டத்திலிருந்து அறுபது மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் மலை, யாரும் தொடக்கூடாது. அறுபதுக்குக் குறைந்தால் மேடு, லாரி கொண்டுவந்து வெட்டிப்போகலாம். அறுபதைக் கொஞ்சமே தாண்டி நின்ற மலைகள்தான் சிலருக்குத் தொந்தரவாக இருந்தன. சர்வேயர் வெங்கிட்டு பாலக்காட்டுக்காரர். அந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் அவரும் பாலையாவும்தான். அதனால் தமிழில் சொன்னது அலுவலகத்தில் சொன்னதாக ஆகாது. "பாலையா, கோல் வைக்கற எடத்துல ஒரு அடிக் குழி தோண்டிக்கோ. குழிக்குள்ள எறக்கிப் பிடி, கேட்டியோ? மேல இருக்கறவா சொல்றா, நான் என்ன செய்ய? உன்ன நெரந்தரமாக்கற கடிதாசும் அவா மேஜைலதான் கெடக்கு." கோல் எவ்வளவு இறங்குகிறதோ மலை அவ்வளவு குறையும். ஒன்பது வருடமாக அந்தக் கடிதத்துக்குக் காத்திருந்தவன் குழி தோண்டினான். கருவியில் கண்ணை வைத்து வெங்கிட்டு ஐம்பத்தொன்பது மீட்டர் தொண்ணூறு என்று எழுதினார்.

மலைகளையெல்லாம் கடலிலிருந்துதான் அளக்கிறார்கள், கடலோ பாலையாவின் சந்து முடியும் இடத்தில் இருந்தது. உயரத்தை எங்கே எண்ணத் தொடங்கினார்களோ, கணக்கில் அடித்துப்போட்ட உயரம் அங்கேயே திரும்பி வந்ததில் பெரிய அதிசயமில்லை என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். ஏழு வருடத்தில் ஆறு மலைகள் மேடாயின. தரை மொத்தம் ஒரு மீட்டர் அறுபத்தைந்து உயர்ந்தது. பாப்பா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தவள், மண் அள்ளத் தெரியாதவள் அல்ல. கூடை கூடையாக அள்ளிக் கொட்டினாள். மறுநாள் காலையில் தரை பழைய உயரத்திலேயே இருந்தது. வந்தது மண்ணில்லை, உயரம். அதை அள்ள முடியாது. வாசலை மேலே இடித்து மேலே வைத்தார்கள், வெளியே ஒவ்வொரு படியாகக் கட்டினார்கள். பத்தடிக் கூரைக்குக் கீழே நாலரை அடி மிஞ்சியது. அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கும் செல்லதுரை, "என்ன பாலையாண்ணே, பொண்டாட்டிக்குக் குனிஞ்சு கும்பிடு போட்டுட்டுத்தான் உள்ள போவியளோ?" என்று தினமும் கேட்டான். கடல் ஏறி சந்துக்குள் தண்ணீர் வந்த நாட்களில் அதே செல்லதுரைதான் பெண்டு பிள்ளைகளோடு முதலில் வந்து அங்கே உட்கார்ந்தான். மட்டாஞ்சேரியில் நனையாத வீடு அது ஒன்றுதான்.

தரை உயர்ந்த அதே வருடங்களில் மகள் அம்பிளியும் வளர்ந்தாள். ஒன்பது வயதில் தலை முட்டவில்லை. பதினாலில் கழுத்தை மடக்கினாள், பதினாறில் இடுப்பை. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வைத்தவள், "டீச்சர் நேரா நில்லுன்னு வழக்கு பறஞ்சு திட்டினாங்கப்பா" என்றாள்.

"நிக்க வேண்டியதுதானே மோளே."

"நேராத்தான் நிக்கேன்னு சொன்னேன். கிளாசே சிரிச்சுது."

பாலையா அவளை வெளியே கூட்டிப்போய்ச் சுவரோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தான். தோள் சுவரில் படவில்லை. கையால் அழுத்தினான். எலும்பு அசையவில்லை.

ஏழாவது மலையில் அவன் குழி தோண்டவில்லை. 2004 ஜனவரி. கோலைப் பாறைமேல் வைத்து நேராகப் பிடித்தான். கருவியில் பார்த்த வெங்கிட்டு இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறுபது மீட்டர் இருபத்திரண்டு.

"ஏண்டா, கோல எங்க வெச்சிருக்க?"

"மலைமேலதான் சாரே."

"இது மலைன்னு ஆரு சொன்னா?"

"கோல் சொல்லுது. பொண்ணுக்கு முதுகு போச்சு சாரே. இனி ஒரு சாண் தாங்காது."

வெங்கிட்டு கருவியைப் பார்க்காமலே ஐம்பத்தொன்பது மீட்டர் தொண்ணூற்றெட்டு என்று எழுதினார். அன்று பாலையா வீட்டுத் தரை அசையவில்லை. எர்ணாகுளத்தில் மூன்றாம் மாடியில் இருந்த வெங்கிட்டுவின் வீட்டுத் தரை இருபத்துநாலு சென்டிமீட்டர் உயர்ந்தது. அவர் மனைவி சீதாலக்ஷ்மி மின்விசிறியைக் கொஞ்சம் மேலே தூக்கி மாட்டச் சொன்னாள். மறுநாள் முதல் பாலையா வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அந்தக் கடிதம் எந்த மேஜையில் கிடந்தது என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஆறு மலைகளையும் திரும்ப அளக்கவேண்டும், தப்பு என்னுடையது என்று மனு எழுதிக் கொடுத்தான். மனுவை வாங்கியவர் தன்மையாகத்தான் கேட்டார்: "மலை எவிடே?" பாலையா பஸ் ஏறிப் போய்ப் பார்த்தான். முதல் மலை இருந்த இடத்தில் செம்மண் பள்ளம், பள்ளத்தில் பச்சைத் தண்ணீர், அதில் நாலு வாத்து. இரண்டாவது இடத்தில் தண்ணீரும் இல்லை. மூன்றாவதன் அடிவாரத்தில் முன்பு அவனுக்குச் சாயாவும் மரவள்ளிக் கப்பையும் கொடுத்த மீனாக்ஷியின் வீட்டைத் தேடினான். வெட்டி நிறுத்திய மண்சுவர் போன மழையில் சரிந்து வீட்டையும் அவளையும் மூடிவிட்டது என்றார்கள். உயரத்தைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனமிருந்தது. வாங்கிக்கொள்ள மலை இல்லை.

வீட்டுக்கு வந்தவன் அன்று மாலையே ஏறி நடுக்கூரையில் இருபது ஓடுகளைப் பிரித்தான். அம்பிளி அந்த ஓட்டை வழியாக எழுந்து நின்றாள். முதுகு பாதி நிமிர்ந்தது. மீதி நிமிரவில்லை. அதற்குப் பிறகு அவள் பாடம் படித்ததும் தலை வாரியதும் மழையில் குடை பிடித்ததும் கூரைக்கு வெளியேதான். தபால்காரர் கடிதத்தை ஓட்டின்மேல் வைத்துவிட்டுப் போனார். கிடங்கு ஆட்கள் கீழே நின்று, படகு வந்துவிட்டதா என்று அவளிடம் கேட்டுக்கொண்டு துறைக்கு நடந்தார்கள்.

2008-ல் அலுவலகம் மட்டாஞ்சேரியையும் அளந்தது. புதிய செயின்மேன் பாலையா வீட்டுத் தரையில் கோலை வைத்தான். அது கூரைக்கு வெளியே நீட்டியது. அம்பிளி கொஞ்சம் நகர்ந்து அதற்கு இடம் கொடுத்து, சாயாமல் பிடித்துக்கொண்டாள். சந்தின் மட்டத்தைவிட ஒரு மீட்டர் அறுபத்தைந்து உயரம். மேடு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து காலையில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் பாப்பா கீழேயிருந்து கேட்பாள், "லாரி வருதா மோளே?"

அம்பிளி சந்தின் இரண்டு முனையையும் பார்த்துச் சொல்வாள், "இன்னிக்கு இல்லம்மா."