இரவல் விளக்கு

அண்ணி தனியாகப் போகிறாள் என்று தெரிந்ததும் நாத்தனாருக்கு வயிறு எரிந்தது. வீட்டை விட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அண்ணி விலகியது அவள் விளையாட்டில் கட்டிய ஊரை விட்டு.

வாளும் மந்திரமும் கலந்த கணினி விளையாட்டு அது. ஆடுகிறவர்களே புது ஊர், புதுக் கதை செய்து 'மாட்' என்று இணையத்தில் ஏற்றலாம். எக்ஸ்ரே டெக்னீஷியனான நாத்தனார் மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு துறைமுக ஊரையே கட்டியிருந்தாள். ஆயிரக்கணக்கானோர் அதில் சுற்றித் திரிந்தார்கள். முதல் ஆள் அண்ணி.

அண்ணிக்கு ஏசி ரிப்பேர் கம்பெனியில் வேலை. காதில் ஹெட்செட்டோடு நாள் முழுக்க ஊரார் வசவை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் விளையாட்டுக் கம்பெனி மாட் போட்டி ஒன்றை அறிவித்தது. ஜெயித்தால் அங்கேயே கதை எழுதும் வேலை. ஹெட்செட்டைக் கழற்றி எறிய அண்ணிக்கு அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.

என் ஊர்மேலேயே ஆட்-ஆனாக ஒட்டிவிடுங்கள், தெருவும் வீடும் ஆளும் தயார், கதை மட்டும் எழுதினால் போதும் என்றாள் நாத்தனார். அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு எட்டு மாதம் மூச்சுக் காட்டாமல், யாருடைய ஃபைலும் தேவைப்படாத ஸ்டாண்டலோனாக ஒரு மலைக்கோட்டையை முதல் கல்லிலிருந்து கட்டினாள்.

போட்டிக்கு அனுப்பக் கடைசி நாள், சனிக்கிழமை காலை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணி நாத்தனார் அறைக்கே வந்தாள். அனுப்புமுன் ஒரு கண் பார்த்துவிடச் சொன்னாள்.

பத்தாவது நிமிடமே நாத்தனாருக்குப் புரிந்துபோயிற்று, இது ஜெயித்துவிடும். கோட்டை வாசலில் அவளுடைய துறைமுகத்துப் பச்சை விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் விளக்குதான். முதமுதல்ல நீ விளையாடக் குடுத்தப்போ இதுக்கடியிலதானே வந்து நின்னேன்? உனக்கு நன்றியா இருக்கட்டும்னு இது ஒண்ணை மட்டும் எடுத்துட்டு வந்தேன்."

நாத்தனார் 'தேவைப்படும் ஃபைல்கள்' பட்டியலைத் திறந்தாள். நினைத்தது சரி. விளக்கைப் புதிதாக நகல் செய்யாமல் அப்படியே இழுத்துப் போட்டிருக்கிறாள். துறைமுகத்தின் பெயரும் கூடவே வந்து பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த லேப்டாப்பில் துறைமுகம் இருக்கிறது, அதனால் ஓடுகிறது. நடுவர்களிடம் இருக்காது. அங்கே கோட்டை வாசல்கூடத் திறக்காது. விளக்கைக் கழற்ற இரண்டு நிமிடம் போதும்.

பட்டியலை மூடினாள்.

"அழகா இருக்கு அண்ணி. ஒண்ணையும் தொடாதீங்க. அப்படியே அனுப்புங்க."

அண்ணி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே அனுப்பினாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி. தனித்து இயங்கும் என்று குறிப்பிட்ட படைப்பு திறக்கவில்லை. மறுவாய்ப்பு கிடையாது.

அண்ணி இருபது தடவை ஓட்டிப் பார்த்தாள். இருபது தடவையும் கோட்டை ஜம்மென்று திறந்தது. ஹெட்செட் கழுத்தில் தொங்க, சிவந்த கண்ணோடு நாத்தனார் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நீ அப்பவே சொன்ன, ஒட்டிக்கோங்கன்னு. எனக்குத்தான் திமிரு. அடுத்த வருஷம் உன் ஊர்லயே ஒரு மூலை குடும்மா."

நாத்தனார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இடம் இருக்கான்னு பாக்கறேன் அண்ணி."